‘போன்யோ’ ராமெனுக்குப் பின்னால் ஒரு கொட்டகை: யார் இந்த மொமொஃபுகு ஆண்டோ?

அனிமேயில் வரும் சாப்பாட்டை வீட்டில் செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது ‘போன்யோ’ ராமெனில்தான். வெளியே புயல். லிசா இரண்டு கிண்ணங்களில் காய்ந்த நூடுல்ஸைப் போட்டு, வெந்நீர் ஊற்றி மூடுகிறாள். மூன்று நிமிடம் கழித்துத் திறந்தால் மேலே ஹாம், பாதி முட்டை, வெங்காயத்தாள். அவ்வளவுதான் சமையல். வெந்நீரில் தானே வேகும் அந்த நூடுல்ஸை உலகத்துக்குக் கொண்டுவந்தவர், அதற்கு முந்தைய ஆண்டுதான் கைக்காசை எல்லாம் இழந்திருந்தார்.

ஆண்டோ பிறந்தது 1910இல், அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்த தைவானில். இயற்பெயர் வூ பாய்-ஃபூ. சிறு வயதிலேயே பெற்றோர் இறந்துவிட, துணி வியாபாரம் செய்த தாத்தா பாட்டி வளர்த்தார்கள். 22 வயதில் சொந்தமாகத் துணிக் கடை, அடுத்த ஆண்டே ஒசாகா.

போர் முடிந்தபோது ஒசாகா சாம்பலாகக் கிடந்தது. ஒரு கிண்ணம் சூடான நூடுல்ஸுக்காக மக்கள் குளிரில் வரிசையில் நின்ற காட்சி அவர் மனதில் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவிலிருந்து கோதுமை வந்துகொண்டிருந்தது. அரசோ ரொட்டி சாப்பிடச் சொன்னது. நூடுல்ஸ் சாப்பிடுகிற ஊரில் ரொட்டி எதற்கு என்பது ஆண்டோவின் ஆதங்கம்.

ஆனால் உடனே எதுவும் நடந்துவிடவில்லை. 1948இல் வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டில் சிறைக்குப் போனார். மாணவர்களுக்குக் கொடுத்த உதவித்தொகையைத்தான் தவறாகக் கணக்கெடுத்துவிட்டார்கள் என்பது அவர் தரப்பு. வெளியே வந்து, ஒரு கடன் சங்கத்தின் தலைவரானார். 1957இல் அது திவால். மிஞ்சியது இகேடா ஊரில் ஒரு வீடு. வயது 47.

வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை போட்டார். பழைய நூடுல்ஸ் இயந்திரம், ஒரு வாணலி, மாவு. சிக்கல் இதுதான்: நூடுல்ஸ் கெடாமல் இருக்க வேண்டும், வெந்நீர் பட்டதும் வெந்தும் விட வேண்டும். வெயிலில் உலர்த்தினால் கெடாது, ஆனால் வேக நேரம் பிடிக்கும். மாதக்கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தவருக்கு வழி காட்டியது மனைவி மசாகோ பொரித்துக்கொண்டிருந்த டெம்புரா என்பார்கள். சூடான எண்ணெயில் மாவிலுள்ள ஈரம் ஆவியாகி வெளியே பாய்கிறது, போன இடமெல்லாம் நுண்துளை. பிறகு வெந்நீர் ஊற்றினால் அதே துளைகள் வழியே நீர் உள்ளே போகிறது. லிசா கிண்ணத்தை மூடி வைப்பதும் அந்தச் சூடு இறங்காமல் இருக்கத்தான்.

1958 ஆகஸ்ட் 25. ‘சிக்கன் ராமென்’ கடைக்கு வந்தது, விலை 35 யென். கடையில் பச்சை உடோன் 6 யென்னுக்குக் கிடைத்த காலம் அது! பசிக்காக யோசித்த உணவு ஆடம்பரப் பொருளாகத்தான் பிறந்தது. உற்பத்தி பெருகிய பிறகே விலை கட்டுப்படியானது.

எல்லாப் பெருமையும் ஆண்டோ ஒருவருக்கே என்று சொல்வதும் கொஞ்சம் அவசரம். தைவானிலிருந்து ஜப்பானுக்கு வந்த வேறு சிலரும் அதே காலத்தில் இதேபோன்ற நூடுல்ஸ் செய்தார்கள். அப்படி ஒருவரின் காப்புரிமையை 1961இல் ஆண்டோ விலைக்கு வாங்கினார்.

1966இல் அமெரிக்கா போனபோது, கடைக்காரர்கள் நூடுல்ஸை உடைத்துக் காகிதக் கோப்பையில் போட்டு முள்கரண்டியால் சாப்பிட்டதைப் பார்த்தார். ‘கப் நூடுல்ஸ்’ 1971இல் வந்தது. அடுத்த ஆண்டு ஒரு மலை விடுதியில் பிணைக்கைதி ஒருவரை மீட்கக் காத்திருந்த போலீஸார் பனியில் நின்று அதைச் சாப்பிட்டதை நாடே டிவியில் பார்த்தது, விற்பனை எகிறியது.

ஆண்டோ 2007 ஜனவரி 5 அன்று 96 வயதில் காலமானார். ஹயாவோ மியசாகியின் ‘போன்யோ’ வெளியானது அடுத்த ஆண்டு ஜூலையில்.

அவர் தொடங்கிய நிசின் நிறுவனத்தின் ‘டாப் ராமென்’ நம் கடைகளிலும் உண்டு. வீட்டில் முயல்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: பாக்கெட்டில் கொதிக்க வைக்கச் சொல்லியிருந்தால் அப்படியே செய்யுங்கள். ஊற்றி மூடும் வித்தை அதற்கென்றே செய்த நூடுல்ஸில்தான் சரியாக வரும். முட்டையைத் தனியே வேகவைத்து, திறந்த பிறகு வையுங்கள்.