யுத்தம் முடிந்து 40ஆம் நாள்: ஹோபி பேக்கர் வீடு திரும்பாத கதை

முதலாம் உலக யுத்தம் 1918 நவம்பர் 11ஆம் திகதி ஓய்ந்தது. 40 நாட்கள் கழித்து, டிசெம்பர் 21ஆம் திகதி, பிரான்ஸின் தூல் நகருக்கு அருகே அமெரிக்க விமானி ஒருவர் விமானத்துடன் விழுந்து உயிரிழந்தார். எதிரி எவரும் அவரைச் சுடவில்லை. நாடு திரும்புவதற்கான உத்தரவு அவரது சட்டைப்பையில் இருந்தது. வயது 26.

அவர் பெயர் ஹோபார்ட் அமோரி ஹேர் பேக்கர். எல்லோருக்கும் ஹோபி பேக்கர். அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹொக்கியில் ஆண்டின் மிகச் சிறந்த வீரருக்குக் கொடுக்கப்படும் விருது இன்றும் அவர் பெயரிலேயே வழங்கப்படுகிறது.

1892 ஜனவரி 15ஆம் திகதி பென்சில்வேனியா மாநிலத்தின் பாலா கின்விட் என்ற ஊரில், வசதியான குடும்பமொன்றில் பிறந்தார். 11 வயதில், அண்ணன் தோர்ன்டனுடன் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள சென்ட் போல்ஸ் விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டார். அங்கே குளிர்காலத்தில் குளங்கள் உறைந்துவிடும். ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக அடிக்கப்படும் இறப்பர் வட்டுடன் இரவு நேரத்தில் தனியே அந்தக் குளங்களில் சறுக்கிப் பழகுவார். இருட்டில் வட்டு கண்ணுக்குத் தெரியாது. மட்டையில் அது படும் உணர்வை மட்டும் நம்பியே நகர்த்த வேண்டும். குனிந்து பார்க்காமல், தலை நிமிர்ந்தபடி வட்டைக் கொண்டுசெல்லும் அவரது தனித்திறன் அப்படி வந்ததுதான்.

1907இல் அமெரிக்காவை உலுக்கிய நிதி நெருக்கடியில் தந்தையின் செல்வம் கரைந்தது. இரண்டு மகன்மாரையும் பல்கலைக்கழகம் அனுப்ப வழியில்லை. அண்ணன் விட்டுக்கொடுத்தார், தம்பி 1910இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒரு பிள்ளை படிப்பதற்காக இன்னொரு பிள்ளை படிப்பை விட்ட வீடுகள் நமக்கும் புதிதல்ல.

பிரின்ஸ்டனில் ஹொக்கி, அமெரிக்கக் காற்பந்து ஆகிய இரு அணிகளுக்கும் அவர் தலைவரானார். காற்பந்தைத் தலைக்கவசம் இல்லாமலே ஆடினார். ஆனால் அவர் பெயரை நிலைக்க வைத்தது ஹொக்கி.

அன்றைய ஹொக்கி இன்றைய ஆட்டம் போன்றதல்ல. ஓர் அணிக்கு ஏழு பேர். ஏழாமவருக்குக் குறித்த இடம் கிடையாது. தாக்கவும் தடுக்கவும் தளம் முழுவதும் சுற்றி வருவார். பேக்கர் ஆடியது அந்த இடத்தில்தான். முன்னால் நிற்கும் சக வீரருக்கு வட்டைத் தள்ளிக் கொடுக்க விதி இடமளிக்கவில்லை. ஆகவே கோல் வேண்டுமானால், வட்டை வைத்திருப்பவர் தடுப்பாளர்களை ஒவ்வொருவராகக் கடந்து தானே போகவேண்டும். அவர்களைத் தாண்டினாலும் கடைசியில் கோல் காப்பாளர் நிற்பார். கிரிக்கெட் துடுப்பாட்டக்காரர் கட்டுவது போன்ற கால்காப்பு அவருக்கு உண்டு. முகத்துக்கு எதுவும் இல்லை. கோல் காப்பாளர்களிடையே முகக்கவசம் வழக்கமாவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது.

அப்படியான ஆட்டத்தில் கோல் எவ்வளவு அரிதாகக் கிடைத்தது என்பதற்கு 1914 ஜனவரி 24ஆம் திகதி பொஸ்டன் அரங்கில் நடந்த போட்டி சாட்சி. பிரின்ஸ்டனும் ஹாவர்டும் மோதின. உரிய நேரத்தில் முடிவு கிடைக்கவில்லை. மேலதிக நேரம் நீண்டுகொண்டே போய், ஆட்டம் 70 நிமிடங்களைக் கடந்தது. இத்தனை நேரத்தில் இரு பக்கமும் சேர்த்து விழுந்தவை மூன்றே கோல்கள். ஹாவர்ட் 2-1 என வென்றது. நாட்டின் மிகச் சிறந்த தாக்குதல் வீரர் எதிரே நின்றும், ஹாவர்டின் கோல் காப்பாளர் ஒரேயொரு கோலைத்தான் விட்டுக்கொடுத்தார். கல்லூரிக் காலம் முழுவதிலும் பேக்கர் தண்டனை பெற்றதும் அந்த ஒரு போட்டியில் மட்டும்தான்.

போட்டி முடிந்ததும் எதிரணியின் உடைமாற்றும் அறைக்குப் போய் ஒவ்வொருவருக்கும் கைகொடுப்பது அவரது வழக்கம். வென்றாலும் போவார், தோற்றாலும் போவார். தன்னை மட்டையாலும் தோளாலும் இடித்தவர்களும், தான் அடித்ததையெல்லாம் தடுத்த கோல் காப்பாளரும் இருந்த அறை அது.

படிப்பு முடிந்ததும் நியூயோர்க்கில் ஜே. பி. மோர்கன் வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். மாலை வேளைகளில் சென்ட் நிக்கலஸ் கழகத்துக்காக ஆடினார். பணத்துக்கு ஆடும் தொழில்முறை அணிகளின் அழைப்பை ஏற்கவில்லை. அவர் ஆடும் நாட்களில் அவரது பெயரை அரங்கின் வாசலில் பெரிதாக எழுதி வைத்தார்கள். அதை அகற்றச் சொன்னார். வங்கி மேசை அவருக்கு ஒட்டவில்லை. 1916இல் விமானம் ஓட்டப் பழகினார். அடுத்த ஆண்டு அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியதும் பிரான்ஸ் சென்றார். எதிரி விமானங்களை வீழ்த்தினார். பிரான்ஸ் அவருக்கு வீரப் பதக்கம் வழங்கியது. பின்னர் 141ஆவது விமானப் பிரிவுக்குத் தளபதியானார். அப்பிரிவின் விமானங்களில் பிரின்ஸ்டனின் செம்மஞ்சளும் கறுப்பும் பூசப்பட்டன.

யுத்தம் முடிந்தது, ஊர் திரும்பும் உத்தரவும் வந்தது. புறப்படுமுன் கடைசியாக ஒருமுறை பறக்க விரும்பினார். திருத்தப்பட்டு வந்திருந்த விமானம் ஒன்று நின்றது. அதைத் தானே பரிசோதிப்பதாகச் சொல்லி ஏறினார். சற்று உயரம் போனதும் இயந்திரம் நின்றது. அப்படியான வேளையில் நேரே முன்னால் தெரியும் நிலத்தில் இறக்குவதுதான் விமானிகளின் பாடம். அவரோ தளத்தை நோக்கித் திரும்ப முயன்றார். விமானம் வேகம் இழந்து விழுந்தது. சில நிமிடங்களில் உயிர் பிரிந்தது.

மைதானமும் வானமும் இல்லாத வாழ்க்கைக்கு அஞ்சி அவரே முடிவைத் தேடிக்கொண்டார் என்ற பேச்சு பின்னாளில் எழுந்தது. அதற்குச் சான்று எதையும் எவரும் காட்டவில்லை. யுத்தம் முடிந்த திகதியோடு மரணங்கள் நிற்பதில்லை என்பதையும், தப்பி வந்தவருக்கு அடுத்த நாள் காலை எப்படி விடிகிறது என்பதையும் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1945இல் கனடாவின் ஹொக்கிப் புகழரங்கு முதன்முதலாகத் தெரிவு செய்தவர்களில் பேக்கரும் ஒருவர். 1981இல் அவர் பெயரிலான விருது தொடங்கியது. திறமையோடு நற்பண்பும் அதற்கு அளவுகோல். ஆனாலும் விருது பெரும்பாலும் கோல் அடிப்பவர்களையே தேடிப் போகிறது. 2025 வரை கோல் காப்பாளர்கள் மூவர் மட்டுமே பெற்றுள்ளனர்: 1988இல் ரொப் ஸ்டோபர், 2001இல் ரயன் மில்லர், 2022இல் டிரைடன் மக்கே. தோற்ற இரவிலும் எதிரணியின் கோல் காப்பாளரைத் தேடிப்போய்க் கைகொடுத்த ஒருவரின் பெயரிலான விருது இது.

பேக்கரை முதலில் பிரான்ஸ் மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். 1921இல் தாயார் அவரது உடலைப் பாலா கின்விட்டுக்குக் கொண்டுவரச் செய்தார். உத்தரவு கிடைத்தும் திரும்ப முடியாத மகன் அப்படித்தான் ஊர் வந்து சேர்ந்தார்.