இரண்டு முறை எண்ணச் சொன்னவர்

அரியலூர் - பெரம்பலூர் சாலையில் சரக்கு வாகனங்களை எண்ணுவதற்கு ஒருமுறை என் மாணவர்களை இரண்டு அணிகளாக நிறுத்தினேன். ஓர் அணியின் தாளை மற்றோர் அணி பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. மாலையில் இரு கணக்குகளும் ஒத்துவரவில்லை. சிமென்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல்லை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய டிப்பர் லாரிகளை ஓர் அணி சேர்க்காமல் விட்டிருந்தது. பிழை மாணவர்களுடையதன்று; நான் தயாரித்த படிவத்தில் அதற்கான விளக்கமே இல்லை. ஒரே அணியை அனுப்பியிருந்தால் அந்தக் குறை எனக்குத் தெரியாமலே போயிருக்கும். இவ்வாறு இரட்டைக் கணக்கு எடுக்கும் வழக்கத்தை இந்தியக் களஆய்வில் நிலைநிறுத்தியவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில் பிறந்த அவர், பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பயின்றபின் 1913-இல் இங்கிலாந்து சென்றார். லண்டனில் படிப்பதே திட்டம். கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர் கடைசி ரயிலைத் தவறவிட்டு, நண்பர் ஒருவருடன் தங்கினார். கிங்ஸ் கல்லூரியின் தேவாலயத்தில் மனத்தைப் பறிகொடுத்து அங்கேயே சேர்ந்துவிட்டார். பயணத் தாமதத்தின் பொருளாதார விளைவு என்று வகுப்பில் நான் இதை வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நம் கும்பகோணத்து ராமானுஜன் அங்கே அவருக்கு நெருங்கிய நண்பரானார். குளிரில் நடுங்கிய ராமானுஜனுக்குக் கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவரும் அவரே.

தாயகம் திரும்பும் கப்பலில் பயோமெட்ரிக்கா இதழ்த் தொகுதிகளைப் படித்ததில் இயற்பியலாளர் புள்ளியியலாளரானார். 1922-இல் வட வங்காளத்தில் வெள்ளம் வந்தபோது, பெரும் செலவில் நீர்த்தேக்கங்கள் கட்ட வல்லுநர்கள் பரிந்துரைத்தனர். பல்லாண்டு மழை, வெள்ளப் பதிவுகளை ஆராய்ந்த மகலனோபிஸ், அவற்றால் பயனில்லை, தண்ணீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்று காட்டினார். சில ஆண்டுகளுக்குப்பின் ஒரிசாவில் ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டதால் கரைகளை உயர்த்த வேண்டும் என்றனர் பொறியாளர்கள். படுகை உயரவே இல்லை என்பதைப் பழைய பதிவுகளைக் கொண்டே நிறுவினார். சாலையை அகலப்படுத்தும் கோரிக்கை எழும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு வெள்ளங்களும் நினைவுக்கு வரும்.

1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். வங்காளத்துச் சணல் பரப்பை வயல்வயலாக எண்ணாமல், சில இடங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, தனித்தனிக் குழுக்களை அனுப்பி மதிப்பிட்டார். செலவு பெரிதும் குறைந்தது. பிழையின் அளவும் தெரிந்தது. 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு அந்த அனுபவத்தில் விளைந்தது.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்காக அவர் வகுத்த நான்கு துறை மாதிரியில் எனக்கு ஒரு குறை உண்டு. இரும்பும் எந்திரமும் தனித்துறையாயின. அவற்றைச் சுமந்து செல்லும் போக்குவரத்துக்குத் தனியிடம் இல்லை. அத்திட்டக் காலத்தில் நிலக்கரி ஏற்ற ரயில் பெட்டிகள் போதாமல் நாடு திணறியது. எண்ணக் கற்றுக்கொடுத்தவரின் மாதிரியிலும் எண்ணப்படாதது ஒன்று இருந்தது.

1972 ஜூன் 28 அன்று, 79-ஆவது பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்பு, அவர் மறைந்தார். 2007 முதல் ஜூன் 29 தேசியப் புள்ளியியல் நாள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்கு எவ்வளவு தொலைவு, எந்த வாகனத்தில் செல்கிறீர்கள் என்று கேட்கப்பட்டது. ஆனால் உழவர், விவசாயத் தொழிலாளர், வீட்டுத்தொழில் செய்வோர் ஆகியோரிடம் அந்தக் கேள்வி இல்லை. பெரம்பலூர் வட்டாரத்தில் பருத்தி எடுக்கவும் சின்ன வெங்காயம் அறுக்கவும் விடியலில் கிளம்பும் பெண்கள் அந்த அட்டவணைக்குள் வரவே மாட்டார்கள். இவர்களில் பலர் செல்வது சரக்கு ஆட்டோவின் பின்புறத்தில் நின்றபடி. என் மாணவர்களில் ஓர் அணி அந்த வண்டியைச் சரக்கு என்று எழுதியிருந்தது. மற்றோர் அணி பயணிகள் என்று எழுதி, எதிரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது. அடுத்த படிவத்தில் அதற்கென்று தனியாக ஒரு கட்டம் வரைந்தேன்.