தகப்பன் கிழித்தது வஸ்திரத்தை, மகன் கிழித்தது சுருளை

எழுப்புதலைப்பற்றித் தியானிக்கும்போதெல்லாம் என் மனசு எரேமியா தீர்க்கதரிசியிடம் போய் நின்றுவிடுகிறது. பெரிய எழுப்புதலையும் பார்த்தவர் அவர். அது ஒரே தலைமுறையில் அணைந்துபோனதையும் பார்த்தவர் அவர்.

எரேமியா, எருசலேமுக்குப் பக்கத்திலுள்ள ஆனதோத் ஊரில் ஆசாரியக் குடும்பத்தில் பிறந்தவர். யோசியா ராஜாவின் 13-ம் வருஷத்தில், அதாவது கி.மு. 627-ல், சின்ன வயசிலேயே அழைப்பைப் பெற்றார். எனக்குப் பேசத் தெரியாதே என்று தயங்கினார், கர்த்தர் விடவில்லை.

ஐந்து வருஷம் கழித்து, கி.மு. 622-ல், ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைத்தது. சாப்பான் என்ற சம்பிரதி அதை ராஜாவுக்கு வாசித்துக் காட்டினார். கேட்ட யோசியா தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டார். விக்கிரகங்கள் நொறுக்கப்பட்டன, பஸ்கா ஆசரிக்கப்பட்டது, தேசமே அசைந்தது! வேதம் தரும் வயதுக் கணக்குப்படி, அப்போது ராஜாவின் மகன் யோயாக்கீமுக்குச் சுமார் 12 வயசு. எழுப்புதல் நடந்த வீட்டிலேயே வளர்ந்த பிள்ளை அவன்.

கி.மு. 609-ல் யோசியா மெகிதோவில் மடிந்தார். அதே வருஷத்தில் யோயாக்கீம் சிங்காசனம் ஏறினான். எரேமியா 23 வருஷமாகப் பிரசங்கித்த வார்த்தைகளையெல்லாம் தன் வாயினால் சொல்லச் சொல்ல, பாரூக் மையினால் சுருளில் எழுதினார். கி.மு. 604-ல் ஒரு குளிர்காலத்து நாளில் அது அரண்மனைக்குப் போனது. ராஜா கணப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மூன்று நான்கு பத்தி வாசித்ததும், சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். கடைசித் துண்டுவரை அப்படியே செய்தான்.

கவனியுங்கள். வார்த்தையைக் கேட்டுத் தகப்பன் வஸ்திரத்தைக் கிழித்தான். வார்த்தையைக் கேட்டு மகன் சுருளையே கிழித்தான்!

ஆனால் அதே அறையில் இன்னொரு மகனும் நின்றான். சாப்பானின் மகன் கெமரியா, எரிக்கவேண்டாம் என்று ராஜாவிடம் மன்றாடினான். அந்தச் சுருள் ஆலயத்தில் ஜனங்களுக்கு வாசிக்கப்பட்டதும் இவனுடைய அறையில்தான். அதைக் கேட்டு ஓடிப்போய் பிரபுக்களுக்கு அறிவித்தது இவன் மகன் மிகாயா. முன்பு எரேமியாவைக் கொல்லக் கூட்டம் கூடினபோது காப்பாற்றினது சாப்பானின் இன்னொரு மகன் அகீக்காம். ஒரே எழுப்புதல், இரண்டு வீடு. ஒரு வீட்டில் பிள்ளைகளின் கைக்குப் போனது, ஒரு வீட்டில் அப்பாவோடு அடக்கமாகிவிட்டது.

எரேமியா சோர்ந்துபோகவில்லை. வேறொரு சுருளை எடுத்தார். பாரூக் திரும்ப எழுதினார். இன்னும் அநேக வார்த்தைகளும் சேர்ந்தன. பிற்பாடு அவரை உளையான துரவில் இறக்கினார்கள். எத்தியோப்பியனாகிய எபெத்மெலேக்கு பழந்துணியும் கயிறும் போட்டுத் தூக்கிவிட்டார். நகரம் முற்றிக்கையில் இருக்கும்போதே, கர்த்தர் சொன்னபடி 17 சேக்கல் வெள்ளிக்கு நிலம் வாங்கினார். கி.மு. 586-ல் எருசலேம் விழுந்தது. கடைசியில் ஜனங்கள் அவரை எகிப்துக்கே கொண்டுபோய்விட்டார்கள். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. கணக்குக் காட்டக் கூட்டமும் இல்லை.

ஆனால் ராஜா எரித்தது அழியவில்லை! 1952-ல் சாக்கடல் ஓரம் கும்ரான் குகையில் கண்டெடுத்த சுருள்களில் எரேமியாவின் புஸ்தகத் துண்டுகளும் இருந்தன. இன்று நம்ம வீட்டு மேஜையிலும் அது இருக்கிறது.

பிரியமானவர்களே, வார்த்தைக்கு ஒன்றும் ஆகாது. என் பாரமெல்லாம் நம்ம பிள்ளைகளைப் பற்றித்தான். கன்வென்ஷன் பந்தலில் நாம் கண்ணீரோடு கைதட்டும்போது அவர்களும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தபிறகு அவர்கள் காண்பது என்ன? இன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் வேதத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். சாப்பானின் வீட்டைப்போல நம் வீடுகளையும் கர்த்தர் கட்டுவாராக. ஆமென், அல்லேலூயா!