ராஜினி திரணகம: தன் தரப்பையும் கேள்வி கேட்ட சாட்சியம்

அருப்புக்கோட்டையைச் சுற்றிய வறண்ட நிலத்தில், குல்லூர்சந்தையிலும் மல்லாங்கிணறிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. போருக்குத் தப்பி வந்த பெண்கள் பலர் அங்கே முதுமையை எட்டிவிட்டனர். அவர்கள் விட்டு வந்த மண்ணிலேயே தங்கி, பெண்களுக்கு நேர்ந்ததைப் பதிவு செய்தவர் மருத்துவர் ராஜினி திரணகம. பாலியல் வன்முறை வழக்குகளை நடத்தும் நாம் அவருடைய வாழ்வை அறிந்திருக்க வேண்டும்.

1954ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று, யாழ்ப்பாணத்துக் கிறித்தவத் தமிழ்க் குடும்பத்தில் நான்கு மகள்களில் இரண்டாமவராகப் பிறந்தார். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். இடதுசாரி மாணவர் இயக்கத்தைச் சேர்ந்த சிங்களவரான தயாபால திரணகமவை 1977இல் மணந்தார். இனமும் மதமும் கடந்த அத்திருமணத்தில் இரண்டு மகள்கள் பிறந்தனர். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் விரிவுரையாளரானார்.

தமிழர் மீதான அரச ஒடுக்குமுறையை எதிர்த்த அவர், தொடக்கத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்தார். காயமுற்ற போராளிகளுக்கு மருத்துவமும் செய்தார். 1983இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் லிவர்பூலுக்குச் சென்றார். அங்கும் இயக்கத்துக்காக உழைத்தார். ஆனால், மாற்றுக் கருத்தைப் பொறுக்காத அதன் போக்கு அவரை விலகச் செய்தது. வெளிநாட்டிலேயே பாதுகாப்பாக வாழ வாய்ப்பிருந்தும், 1986இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினார். உடற்கூற்றியல் துறையின் தலைவராகப் பொறுப்பேற்றார்.

1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது. அம்மாதம் 21ஆம் நாள் இந்தியப் படையினர் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்து நோயாளிகளையும் மருத்துவப் பணியாளர்களையும் சுட்டுக் கொன்றனர். அந்த நாட்களில் ராஜினி பாதிக்கப்பட்ட பெண்களைச் சந்தித்து அவர்கள் கூறியதைத் திரட்டினார். ராஜன் ஹூல், கோபாலசிங்கம் ஸ்ரீதரன், மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் ஆகியோருடன் இணைந்து ‘முறிந்த பனை’ நூலை எழுதினார். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பை 1988இல் நிறுவியவர்களில் ஒருவராகவும் இருந்தார்.

அந்நூலில் பெண்களும் போரும் பற்றிய பகுதி ராஜினியுடையது. படையினரின் பாலியல் வன்கொடுமையைப் பதிவு செய்ததோடு அவர் நின்றுவிடவில்லை. கொடுமைக்கு உள்ளான பெண்ணைக் களங்கப்பட்டவளாகக் கருதும் சொந்தச் சமூகத்தையும் விசாரணைக்கு உட்படுத்தினார். கற்பைக் குடும்பத்தின் மானமாக வைக்கும் சமூகத்தில், படையினன் போன பிறகும் தண்டனை தொடர்கிறது என்பதை அவரது பதிவு காட்டியது. அதே வேளையில், பெண்களை வெறும் பலியாட்களாகவும் அவர் எழுதவில்லை. துப்பாக்கிக்கு முன் வாதாடியவர்களும், இழப்புக்குப் பின் குடும்பத்தைத் தாங்கியவர்களும் அவர் எழுத்தில் இடம்பெற்றனர். பாதிக்கப்பட்ட பெண்களுக்காகப் ‘பூரணி’ என்ற இல்லத்தை உருவாக்கும் பணியிலும் முன்னின்றார்.

இலங்கை அரசு, இந்தியப் படை, புலிகள், பிற ஆயுதக் குழுக்கள் என எவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1989ஆம் ஆண்டு செப்டம்பர் 21 அன்று, மருத்துவ மாணவர்களுக்குத் தேர்வு நடத்திவிட்டு மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. புலிகளே கொன்றனர் என்பது அவருடைய குடும்பத்தினரும் சக ஆசிரியர்களும் முன்வைக்கும் குற்றச்சாட்டு. இக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. ‘முறிந்த பனை’ 1990இல் வெளிவந்தது.

அவர் கொல்லப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்புதான், 1989 செப்டம்பர் 11 அன்று, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 15ஏ பிரிவைச் சேர்த்து, பாதிக்கப்பட்டவர்க்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு, பயணச் செலவு, வழக்கின் நிலையை அறிதல் ஆகிய உரிமைகளை வழங்கியது. எனினும் ஒரு தலித் பெண் புகார் கொடுக்க வரும்போது, அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய் என்பதே பல இடங்களில் முதல் கேள்வியாக இருக்கிறது. சாதி ஆதிக்கம் அவளைத் தாக்குகிறது. பிறகு, பெண்ணின் பெயர் கெட்டுவிடும் என்று சொல்லிச் சமரசத்துக்கு அழைப்போரில் அவளுடைய சொந்தத் தெருவினரும் இருக்கின்றனர்.

இந்த இரண்டாவது உண்மையைச் சொல்ல நாம் தயங்குகிறோம். எதிரிக்கு அது பயன்படும் என்று அஞ்சுகிறோம். அந்த அச்சத்தை ராஜினியும் அறிந்திருப்பார்; ஆனாலும் எழுதினார். தன் தரப்பின் மௌனத்தை மறைத்து எழுதப்படும் சாட்சியத்தில், பாதிக்கப்பட்ட பெண்ணின் குரல் பாதிதான் இருக்கும். முழுமையாகக் கேட்டு, முழுமையாக எழுதி, நீதிமன்றத்தில் அவளுடன் இறுதிவரை நிற்பதே நம் கடமை.