அறிஞர் சித்திலெப்பை: தொழிலை விட்ட பின் தொடங்கிய வாழ்வு

சிம்பாங் ரெங்கம் கடைத்தெருவில் அஸர் தொழுகைக்குப் பின் நடந்து போகிறவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். மகனிடமோ மருமகனிடமோ கடையை ஒப்படைத்துவிட்ட நம் பெரியவர்கள் சிலர், கல்லாப்பெட்டிக்குச் சற்றுத் தள்ளி நாற்காலியைப் போட்டு, ஆறிப்போன தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு வீற்றிருப்பார்கள். நாற்பது ஆண்டு காலம் விடியுமுன் கதவைத் திறந்து, ஊர் உறங்கிய பின் பூட்டியவர்கள் அவர்கள். இன்று மகனுக்கு யோசனை சொன்னால் மகன் முகம் கோணுகிறது. சொல்லாமல் இருக்கவோ மனம் பொறுக்கவில்லை. அந்த நாற்காலி நமக்கும் காத்திருக்கிறது. இவ்விதழை எழுதுவோரில் சிலர் அதில் அமர்ந்தே எழுதுகிறோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆகவே இம்முறை, கைநிறைய வருமானம் தந்த தொழிலைத் தாமே விட்டு விலகி, அதற்குப் பிறகே உண்மையில் வாழத் தொடங்கிய ஒரு பெருமகனின் சரிதையை எடுத்துக்கொண்டோம். இலங்கை கண்டியில் பிறந்த முகம்மது காசிம் சித்திலெப்பை அவர்களே அன்னார்.

அவர் பிறந்தது 1838-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் நாள். அவருடைய தந்தையார், அத்தீவின் முஸ்லிம்களில் முதன்முதலாக வழக்கறிஞர் தொழிலில் புகுந்தவராக அறியப்படுபவர். மற்றவர்களெல்லாம் துணி, அரிசி, இரத்தினக் கல் என்று வாணிபத்திலேயே நின்ற காலம் அது. மகனும் தந்தையின் வழியிலேயே சென்று, இருபத்தைந்து வயதுக்குள் வழக்கறிஞரானார். தமிழ், அரபு, ஆங்கிலம் மூன்றிலும் தேர்ந்தவர். கண்டியைச் சுற்றிய மலைகளெல்லாம் காப்பித் தோட்டமாயிருந்தன, பணம் புரண்டது, பணம் புரண்ட இடத்தில் வழக்குக்குக் குறைவேது? நகராட்சி மன்றத்திலும் இடம் பெற்று, சில காலம் கண்டி மாநகர நீதிமன்றத்தில் நீதவானாகவும் அமர்ந்தார்.

இத்துடன் ஒருவர் நிறைவடைந்திருக்கலாம். ஆனால் தம் சமூகத்தின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதை நீதிமன்றத்திலிருந்தே அவர் கண்டுகொண்டிருந்தார். ஆங்கிலப் பள்ளிகள் பெரும்பாலும் பாதிரிமார் நடத்தியவை. பிள்ளை மார்க்கத்தை விட்டுப் போய்விடுவானோ என்று அஞ்சிய பெற்றோர், அவனைப் பள்ளிக்கே அனுப்பாமல் பத்து வயதில் கடையில் நிறுத்தினார்கள். ஓதத் தெரியும், கணக்குத் தெரியும், அது போதும் என்பது அவர்கள் எண்ணம். கடை நன்றாக நடந்தவரை அது போதுமாகவும் இருந்தது. குடும்பத் தலைவன் இறந்துவிட்டாலோ, வியாபாரம் நொடித்துவிட்டாலோ, எழுதப் படிக்கத் தெரியாத மக்களும் விதவைத் தாயும் எந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே அறியாமல் நின்றார்கள்.

1882-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், தமது நாற்பத்து நான்காம் வயதில், சித்திலெப்பை அவர்கள் முஸ்லிம் நேசன் என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். மறு மாதமே, 1883 ஜனவரியில், எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற அராபி பாஷா கைதியாகக் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினார். நாடு கடத்தப்பட்டு 1901 வரை இலங்கையிலேயே இருந்த அந்தத் தளபதியும், கண்டி வழக்கறிஞரும் நெருங்கிய நண்பர்களானார்கள். கல்வியில்லாச் சமூகத்துக்குக் கதிமோட்சமில்லை என்பதில் இருவருக்கும் கருத்து ஒன்று.

அதன் பின் 1884 அளவில் அன்னார் தமது தொழிலை விட்டுக் கொழும்புக்குக் குடி பெயர்ந்தார். இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவரை யாரும் ஓய்வு கொடுத்து அனுப்பவில்லை, உடல் தளரவுமில்லை. நம்மில் எவரேனும், வியாபாரம் உச்சத்தில் இருக்கையில் கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கப் போகிறேன் என்று கிளம்பினால் வீட்டில் என்ன பேச்சு எழும் என்று எண்ணிப் பாருங்கள்.

கொழும்பில் அவர் முதலில் தொடங்கிய பள்ளி தோற்றது. இதை மூடி மறைப்பதால் பயனில்லை. ஆதரவின்றிச் சில காலத்தில் அது நின்றுபோயிற்று. காலமும் பொல்லாத காலம். 1869-இல் காப்பிச் செடியின் இலையில் கண்ட நோய், தோட்டங்களை ஆண்டுக்காண்டு தின்றுகொண்டு வந்தது. 1884-இல் ஓரியண்டல் வங்கியும் கதவடைத்தது. வியாபாரிகளின் கை கட்டுண்டு கிடந்தபோது பள்ளிக்கூடத்துக்குச் சந்தா கேட்டுப் போனவருக்கு என்ன கிடைத்திருக்கும்? ரப்பர் விலையும் அன்னாசி விலையும் விழுந்த நாட்களைக் கண்ட நம் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பணமில்லாமை மட்டுமே காரணமன்று, மனமில்லாமையும் இருந்தது என்பதே நம் எண்ணம்.

அவர் சோர்ந்து கண்டிக்குத் திரும்பி மீண்டும் வழக்கு நடத்தப் போய்விடவில்லை. எழுதினார். 1885-இல் அவருடைய அசன்பே சரித்திரம் வெளிவந்தது. தமிழில் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வந்தது. அதற்கு ஆறே ஆண்டு பின்னால், கெய்ரோவில் பிறந்த ஓர் இளைஞனைக் கதாநாயகனாக்கி, ஒரு கண்டி முஸ்லிம் தமிழில் நாவல் எழுதினார் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. நம் மலாயாப் பக்கமும் அக்காலம் சும்மா இருந்துவிடவில்லை: பினாங்கில் 1883-இல் குலாம் காதிறு நாவலர் வித்தியா விசாரிணியை நடத்தினார், சிங்கப்பூரில் 1887-இல் மகுதூம் சாயபு சிங்கை நேசனை வெளியிட்டார். கப்பல் போன துறைமுகங்களிலெல்லாம் தமிழ் முஸ்லிம்கள் ஏடு நடத்திய காலம்.

1891-இல் கண்டியில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளியைத் திறந்தார். ஆண் பிள்ளைகளையே பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய சமூகத்தில் இது சிறிய காரியமல்ல. பெற்றோரின் அச்சத்தை அவர் வாதாடித் தீர்க்க முயலவில்லை. தம் சொந்தச் சகோதரி முத்து நாச்சியாவையே அப்பள்ளியின் பொறுப்பில் அமர்த்தினார். தம் வீட்டுப் பெண்ணை முன்னிறுத்தியவரிடம் ஊரார் என்ன பேச முடியும்?

அடுத்த ஆண்டு கொழும்பில் பழைய தோல்வி வெற்றியாயிற்று. 1892 ஆகஸ்டில், மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி மத்ரஸதுஸ் ஸாஹிரா திறக்கப்பட்டது. அதுவே பிற்காலத்தில் ஸாஹிராக் கல்லூரி. இம்முறை சித்திலெப்பைக்குத் தோள் கொடுத்தவர் வாப்பிச்சி மரைக்காயர். 1877-இல் திறக்கப்பட்ட கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் அவர்தாம். அக்கட்டடத்துக்காகப் பட்டம் தர வந்த கவர்னரிடம், பட்டம் வேண்டாம், வெள்ளிக்கிழமை மட்டும் அதை மூடி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். பள்ளி திறந்தபோது மரைக்காயர் அறுபதைத் தாண்டியவர். கட்டட வேலையில் தேறிய கணக்கும், ஆட்களை வேலை வாங்கும் திறமையும், சீமான்களிடம் இருந்த செல்வாக்கும் அப்பள்ளிக்கு முதலாயின. அறிஞரிடம் எண்ணம் இருந்தது. அதை நிற்க வைக்கத் தொழில் தெரிந்த ஒரு முதியவர் தேவைப்பட்டார். நம் நாற்காலிப் பெரியவர்கள் சித்திலெப்பையாக முடியுமோ முடியாதோ, மரைக்காயராக முடியும் என்று நமக்குத் தோன்றுகிறது.

பள்ளி நின்று நிலைத்ததை முழுதும் காண அன்னாருக்கு ஆயுள் இல்லை. 1898 பிப்ரவரி 5-ஆம் நாள், அறுபது வயது நிறையுமுன் காலமானார். ஸாஹிரா நெடுங்காலம் சிறிய பள்ளியாகவே இருந்து, 1921-இல் டி. பி. ஜாயா அதிபரான பின்னரே பெரும் கல்லூரியாக வளர்ந்தது. 1977-இல் இலங்கை அரசு சித்திலெப்பை அவர்களின் உருவம் பொறித்த தபால் முத்திரை வெளியிட்டது. கண்டியில் அவர் பெயரால் ஒரு பள்ளியும் நடக்கிறது.

இங்கே நம் ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பஞ்சமில்லை. பள்ளி திறக்கும் நாட்களில் உடைக்கும் புத்தகப் பைக்கும் வழி தேடும் குடும்பங்கள் உண்டு. கணவரை இழந்து, உதவித் தொகைப் பாரத்தில் எதை எங்கே நிரப்புவது என்று தெரியாமல் ஒரு மாதம் கையில் வைத்திருந்த தாய்மாரையும் நாம் கண்டிருக்கிறோம். கணக்கெழுதி, வங்கிக்கும் அலுவலகத்துக்கும் அலைந்து பழகிய ஒருவருக்கு அது அரை மணி நேர வேலை. அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே, அந்த நாற்காலியைச் சங்கத்து வாசலுக்கு மாற்றிப் போட விருப்பமுள்ள பெரியவர்கள் நம்மிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேசையை நாம் போட்டு வைக்கிறோம்.