கோதுமை விதைத்த அமைச்சர்

தில்லியிலுள்ள சாணக்கியபுரியில் அயல்நாட்டுத் தூதரகங்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று அமெரிக்கத் தூதரகம். 1960களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமையை இந்தியா பெரிதும் நம்பியிருந்தது. அந்நிலையை மாற்ற முனைந்தவர் சி. சுப்பிரமணியம் என்னும் தமிழர்.

அவர் பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள செங்குட்டைப்பாளையத்தில் 1910ஆம் ஆண்டு உழவர் குடும்பத்தில் பிறந்தார். சென்னையில் பயின்று வழக்கறிஞரானார். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1952 முதல் 1962 வரை சென்னை மாநில அமைச்சராகப் பணியாற்றினார். காமராசர் அமைச்சரவையில் நிதி, கல்வி ஆகிய துறைகளைக் கவனித்தார்.

1964இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அவரை மத்திய உணவு, வேளாண்மை அமைச்சராக்கினார். 1965இலும் 1966இலும் மழை பொய்த்தது. தக்க விலை கிடைத்தால்தான் உழவர் விளைச்சலைப் பெருக்குவர் எனச் சுப்பிரமணியம் கருதினார். அதற்காக 1965இல் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலைக் குழுவும் அமைக்கப்பட்டன.

நம் நாட்டுக் கோதுமைப் பயிர் உயரமானது. உரம் மிகுதியாக இட்டால் கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். மெக்சிகோ நாட்டின் குட்டைக் கோதுமை சாயாமல் நிமிர்ந்து நின்றது. எம். எஸ். சுவாமிநாதன் முதலிய அறிவியலாளர்கள் அதனைப் பயிரிட்டுச் சோதித்தனர். 1966இல் 18,000 டன் விதையை வரவழைக்க அமைச்சர் முடிவு செய்தார்.

எதிர்ப்பு வலுத்தது. உரம் வாங்க அந்நியச் செலாவணி கரையும் என்றனர் சிலர். வசதி படைத்த உழவரே பயனடைவர் என்றனர் வேறு சிலர். அவரோ தம் தில்லி இல்லத்துப் புல்வெளியை உழுது, அப்புதிய கோதுமையை விதைத்துக் காட்டினார்.

1967ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவர் தோல்வியுற்றார். அமைச்சர் பதவியும் நீங்கியது. மறு ஆண்டு கோதுமை முன்னெப்போதும் காணாத அளவில் விளைந்தது. கிடங்குகள் போதாமையால் பள்ளிக்கூடங்களிலும் மூட்டைகள் அடுக்கப்பட்டன. விதைத்தவர் அறுவடையின்போது பதவியில் இல்லை. ஆயினும், நாடு பசி நீங்கும் வழியைக் கண்டது.

நிலத்தடி நீர் குறைதல் போன்ற தீங்குகளும் பின்னாளில் தோன்றின. அவற்றைக் களைவது இன்றைய தலைமுறையின் கடமை.

1974 முதல் 1977 வரை அவர் மத்திய நிதியமைச்சராக விளங்கினார். 1998இல் பாரத ரத்னா விருது பெற்றார். 2000ஆம் ஆண்டு மறைந்தார்.

சொற்பொருள்
பொய்த்தது – பெய்யாமற்போனது
அந்நியச் செலாவணி – அயல்நாட்டுப் பணம்
களைதல் – நீக்குதல்

வினாக்கள்
1. குட்டைக் கோதுமையின் சிறப்பு யாது?
2. புதிய விதையைச் சிலர் எதிர்த்தது ஏன்?
3. அமைச்சர் தம் இல்லத்துப் புல்வெளியை உழுததன் நோக்கம் என்ன?