படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட்

அறுவடை முடிந்து களத்தில் தானியம் குவிந்த காலத்திலும், கோயில் நோன்பு சாட்டிய நாள்களிலும் கொங்கு நாட்டு மக்கள் இரவெல்லாம் விழித்திருந்து கூத்துக் காண்பது பண்டுதொட்டு வந்த வழக்கம். தெருக்கூத்தும், பொம்மலாட்டமும், நாடகமுமே அவர்கள் அறிந்த காட்சிகள். அந்நாட்டுச் சிற்றூர்களில் வெண்துணியொன்றைக் கட்டி, அதன்மேல் மனிதரும் குதிரைகளும் ஓடிவரும்படி செய்தவருள் முதன்மையானவர் கோயமுத்தூர்ச் சாமிக்கண்ணு வின்சென்ட் ஆவார்.

அவர் 1883-ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் பிறந்தார். இளமையிலேயே தென்னிந்திய இரயில்வேயில் வேலை பெற்றுத் திருச்சிராப்பள்ளியில் பணியாற்றி வந்தார். அக்காலத்தில் இரயில்வே வேலை என்பது எளிதில் கிடைப்பதன்று. சம்பளம் சிறிதேயாயினும் மாதந்தோறும் தவறாது வரும். குடும்பத்தார்க்கு அதனால் பெருமையும் உண்டு. அத்தகைய வேலையைக் கைவிடுவான் ஒருவன் எனின், அவனை அறிவிலி என்றே உறவினர் கருதுவர்.

1905-ஆம் ஆண்டில் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். அவர் ஊர் ஊராகச் சென்று படம் காட்டிப் பிழைப்பவர். இலங்கையில் காட்சிகள் நடத்திவிட்டுத் தமிழகம் போந்தவர். வந்த இடத்தில் உடல்நலம் குன்றிற்று. தாய்நாட்டுக்குத் திரும்ப விரும்பிய அவர், தம்மிடமிருந்த படக்கருவியையும் படச்சுருள்களையும் விற்றுவிட எண்ணினார். இச்செய்தி வின்சென்டின் செவிக்கு எட்டியது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. ஏறத்தாழ 2,000 ரூபாய் திரட்டி அக்கருவியை அவர் வாங்கினார். சிறு சம்பளக்காரர் ஒருவர்க்கு அது எத்தகைய பெருந்தொகை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. வாங்கிய பின்னர் வேலையையும் விட்டுவிட்டார்.

அவர் வாங்கியது புத்தம் புதிய கருவியன்று. ஒருவர் கையில் உழைத்துத் தேய்ந்த பழங்கருவி. அதன் இயல்பைச் சற்று அறிந்துகொள்வோம். ஒரு மரப்பெட்டி அளவுள்ள இயந்திரம். அதன் பக்கத்தில் ஒரு கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் பற்சக்கரங்கள் படச்சுருளின் ஓரத்துளைகளைப் பற்றி அதனைக் கீழே இழுக்கும். நொடி ஒன்றுக்குப் பதினாறு படங்கள் வில்லையின் முன் நின்று நின்று நகர வேண்டும். மெதுவாகச் சுற்றினால் திரையிலுள்ளோர் நொண்டுவர். விரைந்து சுற்றினால் பித்தரைப்போல ஓடுவர். ஆகவே, காட்சியின் உயிர் சுற்றுவோன் மணிக்கட்டில் இருந்தது எனலாம். 1,000 அடி நீளமுள்ள சுருள் கால்மணி நேரத்திற்குச் சற்று மிகுதியாக ஓடும். அதன்பின் விளக்கின் வெம்மை தணியச் சிறிது பொறுத்து, அடுத்த சுருளை மாட்ட வேண்டும்.

விளக்கோ அதனினும் தொல்லை மிக்கது. மின்சாரம் இல்லாத ஊர்களில் படம் காட்டுவோர், சுண்ணாம்புக் கட்டியொன்றை வாயுச் சுடரால் பழுக்கக் காய்ச்சி, அது வீசும் வெண்ணொளியைப் பயன்படுத்தினர். வாயுக் கலங்கள், கண்ணாடி வில்லைகள், உருளைகள், திரைத்துணி என்று கருவியோடு சேர்ந்த துணைப்பொருள்கள் ஒரு வண்டி நிறைய இருக்கும். அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றுவது. ஒருமுறை பற்றினால் தண்ணீராலும் அணைக்க இயலாதது. 1897-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் அறப்பணிச் சந்தை ஒன்றில், படக்கருவியின் விளக்கிலிருந்து எழுந்த தீயால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய பொருளைத்தான் அவ்விளைஞர் கூடாரத்திற்குள்ளே வைத்து நாள்தோறும் இயக்கத் துணிந்தார்.

அவரிடம் இருந்த படங்களுள் மக்கள் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது ஏசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படம். ஏனையவை சிறு சிறு துண்டுகள். திருச்சிராப்பள்ளியில் கூடாரம் அடித்துக் காட்சியைத் தொடங்கினார். படத்தில் ஓசை இல்லை. ஆகையால் படக்கூடாரங்களில் ஒருவர் திரையருகே நின்று நிகழ்வதை உரத்த குரலில் விளக்கிச் சொல்லுதல் அந்நாளில் வழக்கமாயிற்று.

இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். அக்காலத்தில் படங்களை வாடகைக்குப் பெறும் முறை நம் நாட்டில் வேரூன்றவில்லை. அடிக்கணக்கில் விலைகொடுத்தே வாங்க வேண்டும். கையிலுள்ளவை சில சுருள்களே. ஓரூரார் அவற்றை இரண்டு மூன்று முறை கண்டுவிட்டால் நான்காம் நாள் கூடாரம் வெறிச்சோடும். புதுப் படம் வாங்கப் பணம் இல்லாதவன் புது மக்களைத் தேடிச் செல்லல் வேண்டும். வின்சென்ட் ஊர்சுற்றியது உலகங்காணும் ஆசையினால் மட்டுமன்று. அத்தொழிலின் தேவையும் அதுவே. இரயில் பாதைகள் நாடெங்கும் பரவியிருந்தமை அவர்க்குப் பேருதவியாயிற்று. தெற்கே தொடங்கிய பயணம் பம்பாய், இலக்னோ, இலாகூர், பெசாவர் என வடமேற்கு எல்லைவரை நீண்டது. பின்னர்ப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கடல் கடந்து சென்றார். மொழி அறியாத ஊர்களில் கூடாரம் அடிக்க இடம் கேட்டு, அதிகாரிகளின் இசைவு பெற்று, மழையிலும் காற்றிலும் கருவியைக் காத்து வருவது எளிய செயலாகுமோ?

1909-ஆம் ஆண்டளவில் சென்னையில் காட்சி நடத்தியபோது, கிராமபோன் இசைத்தட்டையும் படத்தையும் இணைத்துக் காட்டிக் கூட்டத்தை ஈர்த்தார். பிரான்சு நாட்டுப் பாத்தே நிறுவனத்தின் படக்கருவிகளை விற்கும் முகவராகவும் ஆனார். தம்மைப்போன்றே பிறரும் கருவி வாங்கிக் கொட்டகை நடத்த அவர் வழி வகுத்தார். போட்டியாளர் பெருகுவரே என்று அவர் அஞ்சியதாகத் தோன்றவில்லை. கருவி விற்பவனுக்குக் கொட்டகைகள் பெருகப் பெருக ஆதாயம் என்பதும் உண்மையே.

படங்களை விற்பதை விட்டு வாடகைக்கு விடும் வழக்கம் உலகெங்கும் பரவலாயிற்று. வாரந்தோறும் புதுப் படம் கிடைக்குமாயின், ஓரிடத்தில் நிலையாக அமர்ந்தே காட்சி நடத்தலாம் அன்றோ? 1914-ஆம் ஆண்டில் தம் பிறந்த ஊராகிய கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை வின்சென்ட் கட்டினார். தென்னாட்டின் முதல் அரங்கு அதுவே என்று கோவையார் பெருமை பேசுவதுண்டு. சென்னையில் 1913-லேயே எலெக்டிரிக் தியேட்டர் எழுந்தது. இரகுபதி வெங்கையாவின் கெயிட்டி அரங்கும் 1914-ஆம் ஆண்டைச் சேர்ந்ததே. முதன்மை யாருக்காயினும் ஆகுக. சென்னை ஆட்சித் தலைநகர். கோயமுத்தூரோ அந்நாளில் பஞ்சு வணிகத்தால் மெல்ல வளர்ந்துகொண்டிருந்த நகர். அங்கே அரங்கெழுப்ப மிகுந்த துணிவு வேண்டும்.

அரங்குக்கு மின்விசை வேண்டும். பைகாரா அருவியின் மின்சாரம் கோயமுத்தூரை அடைந்ததோ 1930-களில்தான். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னரே வின்சென்ட் எண்ணெய் இயந்திரத்தையும் மின்னாக்கியையும் தருவித்துத் தம் அரங்குக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே ஆக்கிக்கொண்டார். படம் காணச் சென்றோரிற் பலர் மின்விளக்கின் ஒளியை முதன்முதல் கண்டது அவ்வரங்கில்தான் என்று கொள்வதில் தவறில்லை. மின்சாரத்தால் இயங்கும் அச்சகம் ஒன்றையும் அவர் நடத்தினார்.

1931-ஆம் ஆண்டில் பேசும்படம் பிறந்தது. பம்பாயில் ஆலம் ஆராவும், அவ்வாண்டின் இறுதியில் சென்னையில் காளிதாசும் வெளிவந்தன. கைப்பிடி சுற்றிய பழங்கருவிகளின் ஆட்சி அதனோடு முடிந்தது. குரல் பிசகாமல் ஒலிக்க வேண்டுமாயின், நொடிக்கு 24 படங்கள் சற்றும் வேகம் மாறாது ஓடுதல் வேண்டும். அதற்கு மனிதன் கை உதவாது, மின்பொறியே வேண்டும். திரையருகே நின்று கதை சொன்னவர்க்கும் வேலை இல்லாமற் போயிற்று. படம் காட்டுவோர் பலர் இம்மாற்றத்தைத் தாங்கமாட்டாது தொழிலை விட்டனர். ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த வின்சென்ட் விடவில்லை. மாறாக, படம் காட்டுவதோடு நில்லாது படம் எடுக்கவும் முற்பட்டார். தென்னாட்டில் அப்போது பேசும்படம் எடுக்கும் நிலையம் இல்லாமையால் கல்கத்தா பயணீர் நிறுவனத்தாருடன் சேர்ந்து, பி. வி. ராவ் இயக்க, டி. பி. இராஜலட்சுமி நடிக்க, வள்ளி திருமணம் என்னும் படத்தை 1933-இல் வெளியிட்டார். வள்ளி கதையை நாடகமேடையில் கண்டு பழகிய தமிழ் மக்கள் அதனைத் திரையில் காணத் திரண்டனர்; படம் பெரும்பொருள் ஈட்டிற்று.

ஒவ்வொரு படத்திற்கும் நடிகரையும் இசைவாணரையும் கல்கத்தாவுக்கு அழைத்துச் செல்வது எத்துணைச் செலவு! அத்துன்பத்தை நேரில் அறிந்த அவர், 1930-களின் இடையில் கோயமுத்தூரிலேயே சென்ட்ரல் ஸ்டுடியோ தோன்றியபோது அதனை நிறுவியோருள் ஒருவராய் நின்றார். பி. ரங்கசாமி நாயுடு, எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு முதலியோர் அம்முயற்சியில் உடன் இருந்தனர். எம். ஜி. இராமச்சந்திரன் கதைத்தலைவராக நடித்த ராஜகுமாரி 1947-இல் உருவானது இந்நிலையத்தில்தான். அதனைக் காண வின்சென்ட் உயிரோடு இல்லை. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவர் காலமானார்.

வெரைட்டி ஹால் பிற்காலத்தில் டிலைட் எனப் பெயர் மாறிப் பல்லாண்டுகள் படம் காட்டி வந்தது. அண்மை ஆண்டுகளில் அக்கட்டடம் இடிக்கப்பட்டது. அரங்கு இருந்த சாலைக்கு மட்டும் வெரைட்டி ஹால் சாலை என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது.